அறிவிப்பாளர் யார்? ஓர் அற நூலும் அதன் ஆசிரியரின் ஆய்வுக்கூடமும்

2006ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் மார்க் ஹவுசர் ‘மாரல் மைண்ட்ஸ்’ என்னும் நூலை வெளியிட்டார். நன்மையையும் தீமையையும் பிரித்தறியும் உணர்வு மனித மனத்தில் இயற்கையாகவே அமைந்துள்ளது, அது எல்லா மக்களுக்கும் பொதுவானது என்பது அந்நூலின் வாதம். அடுத்த ஆண்டிலேயே, அவருடைய ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய இளம் ஆய்வாளர்கள் சிலர் பல்கலைக்கழக அதிகாரிகளை அணுகி, தங்கள் பேராசிரியர் தரும் தரவுகளை நம்ப இயலவில்லை என்று முறையிட்டனர். மூன்றாண்டுகள் நீடித்த விசாரணையின் முடிவில், எட்டு இடங்களில் ஆய்வு முறைகேடு நிகழ்ந்திருப்பதாகவும் அவற்றுக்கு ஹவுசர் ஒருவரே பொறுப்பென்றும் 2010 ஆகஸ்டில் பல்கலைக்கழகத்தின் கலை அறிவியல் புலத் தலைவர் அறிவித்தார். 2011இல் ஹவுசர் பதவி விலகினார்.

இச்செய்தியை இரு விதமாகப் படிப்போர் உண்டு. ஆசிரியரின் நடத்தை வேறு, நூலின் கருத்து வேறு. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அளத்தல் முறையன்று என்பர் ஒரு சாரார். மார்க்கத்தின் துணையின்றியும் அறவுணர்வு நிலைக்கும் என்று வாதிட்டவர் அறத்திலேயே சறுக்கினார், இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்று மகிழ்வர் மற்றொரு சாரார். நம் சமூகத்துச் சொற்பொழிவு மேடைகளில் இரண்டாம் வகைப் பேச்சே எளிதில் எடுபடும். ஆயினும் அப்படிப் பேசுவோர் நம் வரலாற்றை மறந்துவிடுகின்றனர். பொய்யுரைத்த அறிவிப்பாளர்கள் நம்மிடையேயும் இருந்தனர். மக்கள் குர்ஆனைப் புறக்கணிப்பதைக் கண்டு வருந்தி, அத்தியாயங்களின் சிறப்புகளைப் பற்றித் தாமே நபிமொழிகளைப் புனைந்ததாக ஒப்புக்கொண்ட ‘வணக்கசாலிகளும்’ அவர்களுள் அடங்குவர். நம்பிக்கை இருந்த இடத்திலும் பொய் நுழைந்தது என்பதாலேயே அறிவிப்பாளர்களைப் பெயர் சுட்டி ஆராயும் தனிக் கலை ஒன்று பிறந்தது.

ஆகவே இக்கட்டுரை ஹவுசரின் நூலையும் அவருடைய ஆய்வுக்கூடத்தின் கதையையும் சேர்த்தே வாசிக்க முயல்கிறது. அறம் மனத்தின் எப்பகுதியில் குடியிருக்கிறது என்று நூல் கேட்கிறது. அறம் நடைமுறையில் எதனால் காக்கப்படுகிறது என்ற கேள்வியை அது எழுப்பவில்லை. அக்கேள்விக்கு விடையளித்தவர்கள் ஆய்வுக்கூடத்தின் கீழ்ப்படிகளில் அமர்ந்திருந்த மாணவர்களும் உதவியாளர்களுமே.

நூலின் வாதம்

மொழியியல் அறிஞர் நோம் சோம்ஸ்கியின் கோட்பாடே ஹவுசருக்கு அடித்தளம். எந்தக் குழந்தைக்கும் யாரும் இலக்கண விதிகளைக் கற்பிப்பதில்லை. ஆயினும் சில ஆண்டுகளுக்குள் அது தன் தாய்மொழியைப் பிழையின்றிப் பேசத் தொடங்குகிறது. விதி என்னவென்று சொல்லத் தெரியாத ஒருவரும் பிழையான வாக்கியத்தைக் கேட்டவுடன் அடையாளம் காண்கிறார். எனவே மொழிக்கான அடிப்படை அமைப்பு பிறவியிலேயே உள்ளது என்றார் சோம்ஸ்கி. நீதியுணர்வையும் இவ்வாறே இலக்கண அறிவோடு ஒப்பிடலாம் என்று மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் 1971இல் வெளியிட்ட தம் நீதிக் கோட்பாட்டு நூலில் சுட்டியிருந்தார். அச்சிறு குறிப்பை ஹவுசர் ஒரு முழு நூலாக விரித்தார்.

அவர் கையாளும் முதன்மைச் சோதனை, மெய்யியலாளர் பிலிப்பா ஃபுட் 1967இல் முன்வைத்த டிராம் வண்டிப் புதிரின் வழிவந்தது. கட்டுப்பாடிழந்த வண்டி ஒன்று ஐந்து பேரை நோக்கி விரைகிறது. ஒரு விசையைத் திருப்பினால் வண்டி கிளைப் பாதையில் சென்று அங்கிருக்கும் ஒருவரை மட்டும் கொல்லும். திருப்பலாமா? பெரும்பாலோர் ‘திருப்பலாம்’ என்கின்றனர். மற்றொரு நிலைமையில், பாலத்தின் மேல் நிற்கும் பருத்த மனிதர் ஒருவரைத் தள்ளிவிட்டால் அவருடலில் மோதி வண்டி நிற்கும், ஐவர் பிழைப்பர். தள்ளலாமா? பெரும்பாலோர் ‘கூடாது’ என்கின்றனர். இரண்டிலும் கணக்கு ஒன்றே. தீர்ப்பு மட்டும் வேறுபடுகிறது. ஏன் வேறுபடுகிறது என்று கேட்டால் பலராலும் ஏற்கத்தக்க காரணம் சொல்ல முடிவதில்லை. இணையம் வழியாக ஆயிரக்கணக்கானோரிடம் இத்தகைய வினாக்களைத் தொடுத்த ஹவுசரும் அவருடைய குழுவினரும், பாலினம், கல்வி, சமயம் ஆகியவை இத்தீர்ப்புகளைப் பெரிதாக மாற்றுவதில்லை என்ற முடிவுக்கு வந்தனர். விதி அறியாமலே இலக்கணம் பேசுவதுபோல, காரணம் அறியாமலே மனிதன் அறத்தீர்ப்பு வழங்குகிறான் என்பது நூலின் சாரம்.

முஸ்லிம் வாசகருக்கு இவ்வாதம் முற்றிலும் அந்நியமானதன்று. ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ரா என்னும் இயல்பிலேயே பிறக்கிறது என்ற கருத்தில் அமைந்த நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. நன்மை தீமையை வஹீயின் உதவியின்றி அறிவால் அறிய இயலுமா என்ற வினா நம் கலாம் அறிஞர்களை நூற்றாண்டுகளாக ஆட்கொண்டிருந்தது. இயலும் என்றனர் முஃதஸிலாக்கள். மாதுரீதிகள் சில எல்லைகளுடன் அதை ஏற்றனர். அஷ்அரிகள் மறுத்தனர். எல்லோரும் ஒப்புக்கொள்ளும் அறக் கூற்றுகள் அறிவின் இயல்பிலிருந்து வந்தவை அல்ல, வளர்ப்பாலும் பழக்கத்தாலும் மனத்தில் ஊன்றி இயல்புபோலத் தோற்றமளிப்பவை என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எழுப்பிய ஐயம், ஹவுசரின் இணைய வினாக்களின் முன்னும் வைக்கத்தக்கதே.

ஆனால் நூலின் குறை அங்கே இல்லை, வேறோரிடத்தில் இருக்கிறது. ஹவுசரின் வினாக்களுக்கு விடையளிப்பவர் பார்வையாளர் மட்டுமே. தண்டவாளத்தில் நிற்பவர் அவருக்கு உறவினர் அல்லர். விசையைத் திருப்பியவரோடு அவருக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை. எந்த விடையைச் சொன்னாலும் அவருடைய பிழைப்புக்குக் கேடு வருவதில்லை. அச்சமும் நன்றிக்கடனும் ஆதாயமும் நீக்கப்பட்ட ஒரு வெற்றிடத்தில் பெறப்படும் தீர்ப்பையே நூல் அறம் என்று அழைக்கிறது.

இதனோடு இமாம் கஸ்ஸாலியின் அல்முஸ்தஸ்ஃபாவை ஒப்பிடுவது பயனுடையது. ஹிஜ்ரி 505இல், அதாவது கி.பி. 1111இல் மறைந்த அவர், பொதுநலன் என்னும் மஸ்லஹாவைச் சட்ட ஆதாரமாகக் கொள்வதன் எல்லைகளை ஆராயும் இடத்தில் ஏறத்தாழ இதே வகைப் புதிர்களைக் கையாளுகிறார். கப்பல் ஒன்று மூழ்கப்போகிறது. ஒருவரைக் கடலில் எறிந்தால் ஏனையோர் பிழைப்பர். எறியாவிடில் அனைவரும் மடிவர். எறியலாமா? கூடாது என்கிறார் இமாம். அங்கே பிழைப்போர் குறிப்பிட்ட சிலரேயன்றிச் சமுதாயம் முழுமையும் அன்று. எறியப்படுபவரைச் சீட்டுக் குலுக்கித் தேர்வதற்கும் ஆதாரமில்லை என்று காரணம் காட்டுகிறார். பகைவர் முஸ்லிம் கைதிகளைக் கேடயமாக நிறுத்தி முன்னேறும் நிலைமையை மட்டும் வேறாகக் கருதி, அதற்கும் இன்றியமையாமை, உறுதி, பொதுமை என மூன்று நிபந்தனைகளை விதிக்கிறார்.

தீர்ப்பு யாதாயினும் ஆகுக. முறையில் உள்ள வேறுபாடே இங்கு கருதத்தக்கது. காரணம் சொல்ல இயலாத தீர்ப்பு ஹவுசருக்கு ஒரு கண்டுபிடிப்பு. கஸ்ஸாலிக்கோ அது முடிவுறாத பணி. தீர்ப்பளிப்பவர் காரணத்தை வெளிப்படையாக வைக்க வேண்டும், மற்றவர் அதைச் சோதிக்க இயல வேண்டும் என்பது உஸூல் கலையின் அடிப்படை. உள்ளுணர்வு ஒருவருக்குள் அடங்கியது. காரணமும் சாட்சியமும் பலர் முன் வைக்கப்படுபவை. இவ்வேறுபாட்டின் முழுப் பொருளும் ஹவுசரின் ஆய்வுக்கூடத்திலேயே வெளிப்பட்டது.

ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்தது

அறிகை அறிவியல் ஆய்வுக்கூடம் ஒன்றின் அன்றாட வேலை, வெளியிலிருந்து எண்ணுவதுபோல் பரபரப்பானதன்று. பேராசிரியர் தலைவராக இருப்பார். அவருக்குக் கீழே முனைவர் பட்டம் பெற்ற ஆய்வாளர்கள், பட்ட ஆய்வு மாணவர்கள், ஊதியம் பெறும் உதவியாளர்கள், அனுபவம் தேடி வந்த இளநிலை மாணவர்கள் என அடுக்கடுக்காகப் பலர். விலங்கையோ குழந்தையையோ சோதிக்கும்போது ஒளிப்பதிவு செய்வர். பிறகு ஒருவர் திரையின் முன் அமர்ந்து, காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டி, இந்த நொடியில் குரங்கு ஒலிபெருக்கியை நோக்கித் திரும்பியதா இல்லையா என்று குறியிடுவார். அக்குறிகளே எண்களாகின்றன. எண்கள் வரைபடமாகின்றன. வரைபடம் உலகெங்கும் படிக்கப்படும் கட்டுரையாகிறது.

குரங்கு திரும்பியதா என்பது எளிய வினாவாகத் தோன்றலாம். ஆனால் தலையின் சிறு அசைவு திரும்புதல் ஆகுமா? கண் மட்டும் நகர்ந்தால்? காண்பது வெறும் புலனுணர்வன்று, காண்பவர் அறியாமலே விரைந்து நிகழும் ஊகமும் அதில் கலந்திருக்கிறது என்பதை இப்னுல் ஹைஸம் (ரஹ்) தம் கிதாபுல் மனாளிரில் விரிவாக விளக்கினார். பார்வைப் பிழைகளுக்கென அதில் ஒரு தனிப் பகுதியே ஒதுக்கினார். எதிர்பார்ப்பு உள்ள கண் எதிர்பார்த்ததையே காணும். இதனால்தான் இத்துறையில் ஒரு கட்டுப்பாடு வைத்துள்ளனர்: ஒரே பதிவை இருவர் தனித்தனியே குறியிட வேண்டும், எந்த ஒலி ஒலிக்கிறது என்று அவர்கள் அறியக் கூடாது, இருவர் குறிகளும் ஒத்துவர வேண்டும்.

அமெரிக்க உயர்கல்விச் செய்தி ஏடான ‘தி கிரானிக்கிள் ஆஃப் ஹயர் எஜுகேஷன்’ 2010 ஆகஸ்டில், அவ்வாய்வுக்கூடத்தின் முன்னாள் உதவியாளர் ஒருவர் அளித்த ஆவணத்தின் உள்ளடக்கத்தை வெளியிட்டது. அதன்படி, குரங்குகள் ஒலி வரிசையின் மாற்றத்தை உணர்கின்றனவா என்ற சோதனை ஒன்றைப் பேராசிரியரும் ஓர் உதவியாளரும் தனித்தனியே குறியிட்டனர். பேராசிரியரின் குறிகளின்படி சோதனை வெற்றி. உதவியாளரின் குறிகளின்படி குரங்குகள் மாற்றத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. தரவுகளைக் கணக்கிட்ட மற்றோர் உதவியாளர் இந்த முரண்பாட்டைக் கண்டு, மூன்றாமவர் ஒருவர் குறியிட்டுப் பார்க்கட்டும் என்று கேட்டார். பேராசிரியர் அதற்கு இணங்கவில்லை. வற்புறுத்தியபோது எரிச்சலடைந்தார். இறுதியில் அந்த உதவியாளரும் பட்ட ஆய்வு மாணவர் ஒருவரும் அனுமதி பெறாமலே தனித்தனியாகப் பதிவுகளைப் பார்த்துக் குறியிட்டனர். இருவர் முடிவுகளும் முதல் உதவியாளரின் முடிவோடு ஒத்துப்போயின. பேராசிரியரின் குறிகளோடு ஒத்துப்போகவில்லை. பேசிப் பார்த்தபோது, ஆய்வுக்கூடத்தின் வேறு சிலருக்கும் இதுபோன்ற அனுபவம் இருந்தது தெரியவந்தது. அதன் பிறகே அவர்கள் அதிகாரிகளை அணுகினர்.

பஞ்சுத்தலைத் டாமரின் என்னும் சிறு குரங்குகள் ஒலி வரிசைகளின் விதியைக் கற்கின்றன என்று ‘காக்னிஷன்’ ஆய்விதழில் 2002இல் வெளிவந்த கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. அதன் வரைபடம் ஒன்றிலிருந்த தரவுகளுள் பாதி புனையப்பட்டவை என்று 2012 செப்டம்பரில் அமெரிக்க அரசின் ஆய்வு நேர்மை அலுவலகம் முடிவு செய்தது. ஹவுசர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நேரடியாகத் தாம் ஈடுபட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆய்வுக்கூடத் தலைவர் என்ற முறையில் பிழைகளுக்குப் பொறுப்பேற்பதாகக் கூறினார். ‘மாரல் மைண்ட்ஸ்’ நூலில் தரவுகள் புனையப்பட்டதாக எந்த விசாரணையும் கூறவில்லை என்பதையும் நேர்மை கருதி இங்கே பதிவு செய்தல் வேண்டும்.

பதினெட்டு மாணவர்களும் ஒரு நூலும்

ஹதீஸ் கலையில் சிறிது பயிற்சி உள்ளவருக்கு மேற்கண்ட நிகழ்ச்சி உடனே மற்றொன்றை நினைவூட்டும். இமாம் யஹ்யா இப்னு மயீன் (ரஹ்), பஸராவின் ஹம்மாத் இப்னு ஸலமாவுடைய (ரஹ்) ஏடுகளை ஒருவரிடமன்று, பதினெட்டு மாணவர்களிடம் கேட்டார் என்று இப்னு ஹிப்பான் (ரஹ்) பதிவு செய்துள்ளார். ஒரே செய்தியைப் பதினெட்டு முறை கேட்பானேன் என்று வினவப்பட்டது. அவர் கூறிய காரணம் தெளிவானது. எல்லா மாணவர்களும் ஒரே இடத்தில் பிழைபட்டால் பிழை ஆசிரியருடையது. ஒருவர் மட்டும் மற்றவர்களிலிருந்து வேறுபட்டால் பிழை அவருடையது. ஆசிரியரின் பிழையை மாணவரின் பிழையிலிருந்து பிரித்தறிய வேறு வழியில்லை.

ஆய்வுக்கூடத்து இளைஞர்கள் செய்ததும் இதுவே. ஒருவர் மூவரிலிருந்து வேறுபட்டார். மூவரும் ஒருவரையொருவர் பாராமலே உடன்பட்டனர். வேறுபட்டவர் தலைவராக இருந்தார் என்பது ஒன்றே இங்கு புதுமை.

அறிவிப்பாளரிடம் ஹதீஸ் அறிஞர்கள் இரு தகுதிகளை எதிர்பார்த்தனர். ஒன்று அதாலத் என்னும் நேர்மை, மற்றொன்று ளப்த் என்னும் துல்லியம். நேர்மையாளராயினும் நினைவாற்றல் தடுமாறுபவரின் அறிவிப்பு ஏற்கப்படுவதில்லை. கூர்மையான நினைவாற்றல் இருப்பினும் பொய்யரின் அறிவிப்பு ஏற்கப்படுவதில்லை. இரண்டையும் ஒருவரது புகழைக் கொண்டு அவர்கள் ஊகிக்கவில்லை; ஒப்பிட்டே அறிந்தனர். மேலும், வரிசையில் ‘ஒருவர் எனக்குச் சொன்னார்’ என்று பெயரின்றி ஓர் அறிவிப்பாளர் வந்தால் அவரை முப்ஹம் என்று அழைத்து, அவர் யாரென்று தெரியும்வரை அச்செய்தியை நிறுத்திவைத்தனர். இன்றைய ஆய்வுக் கட்டுரையைப் பாருங்கள். ‘பதிவுகளை இருவர் குறியிட்டனர்’ என்ற ஒரு வரியில் உண்மையின் முழுச் சுமையும் ஏற்றப்படுகிறது. அவ்விருவர் யாவர்? திரையின் முன் அமர்ந்த மாணவர் பெரும்பாலும் முப்ஹமாகவே நின்றுவிடுகிறார். கட்டுரை தலைவரின் பெயரால் உலாவுகிறது.

இதனினும் கூர்மையானது இமாம் அலீ இப்னுல் மதீனியின் (ரஹ்) நிகழ்ச்சி. அவருடைய தந்தையும் நபிமொழி அறிவிப்பாளரே. தந்தையைப் பற்றி அவரிடம் கேட்டபோது, வேறு யாரையாவது கேளுங்கள் என்று விலகினார். மீண்டும் கேட்டனர். தலைகுனிந்து, பின் நிமிர்ந்து, இது மார்க்க விஷயம் என்று கூறி, தம் தந்தை பலவீனமானவர் என்று தீர்ப்பளித்தார். இறைவனுக்காகச் சாட்சி கூறுங்கள், அது உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராயினும் சரியே என்று ‘அந்நிஸா’ அத்தியாயத்தின் 135ஆம் வசனம் விதிக்கும் கடமை இதுதான். ஹவுசரின் இணைய வினாக்களுள் எதுவும் ஒருவரை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவதில்லை. ஐந்துக்கு எதிராக ஒன்று என்னும் கணக்கைவிட, எனக்குக் கல்வி தந்தவருக்கு எதிராக நான் கண்ட உண்மை என்னும் நெருக்கடியே பெரும்பாலோருக்கு வாழ்வில் நேர்வது.

ஒரு வேறுபாட்டையும் மறைக்கக் கூடாது. ரிஜால் நூல்களில் குறை கூறியவரின் பெயர் அவர் தீர்ப்போடு சேர்த்தே எழுதப்பட்டிருக்கும். ஹார்வர்டின் உதவியாளரோ பெயர் வெளிவரக் கூடாது என்ற நிபந்தனையின் பேரிலேயே ஆவணத்தைத் தந்தார். பட்ட ஆய்வு மாணவரின் எதிர்காலம் தலைவரின் பரிந்துரைக் கடிதத்தில் தொங்குகிறது. உண்மை கூறியவர் ஒளிந்துகொள்ள வேண்டியிருப்பது அவருடைய குறையன்று. அவரை அவ்வாறு வைத்திருக்கும் அமைப்பின் குறை. 2011இல் நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் டீடெரிக் ஸ்டாப்பெலின் மோசடியை வெளிக்கொணர்ந்தவர்களும் மூன்று இளம் ஆய்வாளர்களே. அவருடைய 55 வெளியீடுகளில் மோசடி இருந்ததாக 2012 இறுதியில் விசாரணைக் குழு அறிவித்தது. அங்கே தரவுகளைத் தாமே திரட்டியதாகக் கூறி, முடிந்த அட்டவணையை மட்டும் அவர் மாணவர்களிடம் தந்துவந்தார். சாட்சிகளே இல்லாதபடி ஆய்வை அமைத்துக்கொண்டமையால் அம்மோசடி நெடுங்காலம் நிலைத்தது.

செய்தியும் அறிவிப்பாளரும்

ஓர் அறிவிப்பாளர் குறையுள்ளவர் என்பதால் அவர் சொன்ன செய்தி பொய்யென்று ஆகிவிடாது என்பதும் ஹதீஸ் கலையின் விதியே. அது அவர் வழியாக உறுதிப்படவில்லை என்பது மட்டுமே பொருள். வேறொரு நம்பகமான வழியில் அதே செய்தி வந்தால் ஏற்கப்படும். இந்த நிதானம் ஹவுசர் விவகாரத்திலும் தேவைப்பட்டது. 2007இல் வெளியான அவருடைய இரு கட்டுரைகளுக்குரிய களப் பதிவுகள் குறைபாடுடையவை எனத் தெரிந்தபோது, சோதனைகள் மறுபடியும் நடத்தப்பட்டன, முதலில் கூறிய முடிவுகளே கிடைத்தன, அவையும் வெளியிடப்பட்டன. மறுபுறம், டாமரின் குரங்குகள் கண்ணாடியில் தம்மை அடையாளம் காண்கின்றன என்று 1995இல் அவரும் குழுவினரும் அறிவித்தனர். கண்ணாடிச் சோதனையை வகுத்த கார்டன் கேலப் பதிவுகளைப் பார்த்துவிட்டு அதற்குச் சான்றில்லை என்றார். 2001இல் ஹவுசரே அம்முடிவை மீண்டும் பெற இயலவில்லை என்று எழுதினார். ஆளைக் கொண்டு அனைத்தையும் தள்ளுவதும் அனைத்தையும் கொள்ளுவதும் ஒருங்கே தவறு.

குற்றம் சாட்டுவோரையும் சோதிக்க வேண்டும் என்பதை நம் அறிஞர்கள் உணர்ந்திருந்தனர். சமகால அறிஞர்கள் போட்டியாலும் மனக்கசப்பாலும் ஒருவர் மீது ஒருவர் கூறும் குறையைச் சான்றின்றி ஏற்கலாகாது என்று இமாம் தஹபி (ரஹ்) எச்சரித்தார். மாணவரின் சாட்சியம் மாணவருடையது என்பதால் புனிதமாகிவிடாது. ஆய்வுக்கூடத்து இளைஞர்களின் சொல் நின்றதற்குக் காரணம், அவர்கள் தலைவரை வெறுத்தமையன்று. எவரும் மீண்டும் போட்டுப் பார்க்கக்கூடிய பதிவுகளைச் சுட்டிக்காட்டினர் என்பதே.

நமக்குரிய பங்கு

இவை யாவும் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் உள்விவகாரம் என்று கடந்துசெல்ல இயலாத காரணம் இரண்டு உண்டு.

முதலாவது, அறிவியலை நாம் மேற்கோள் காட்டும் முறை. ‘அல்அலக்’ அத்தியாயத்தில் பொய்யுரைக்கும் முன்னெற்றி பற்றி வரும் சொற்களை எடுத்து, பொய் பேசும் செயல் மூளையின் முன்பகுதியில் நிகழ்வதாக விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்று எழுதுவோர் நம்மிடையே பலர். எந்த ஆய்வு, யார் செய்தது, எத்தனை பேரைச் சோதித்தனர், வேறு யாரேனும் திரும்பச் செய்து பார்த்தனரா என்ற வினாக்கள் எழுவதில்லை. ‘மேலைநாட்டுப் பேராசிரியர் ஒருவர் கூறுகிறார்’ என்ற முப்ஹமான அறிவிப்பு போதுமென்று கருதப்படுகிறது. நபிமொழி ஒன்றை இவ்வாறு பெயரின்றி எவரேனும் அறிவித்தால் ஏற்போமா? 2015இல் உளவியல் ஆய்வுகள் 100ஐ மீண்டும் நடத்திப் பார்த்த பெருங்குழு ஒன்று, மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் உறுதியுடன் முடிவு கண்டிருக்க, மறு ஆய்வுகளில் 36 விழுக்காடே அவ்வாறு கண்டதாக அறிவித்தது. இத்தகைய மணலின் மீது இறைவேதத்தின் உண்மையை நிறுத்த முனைவது வேதத்திற்குச் செய்யும் சேவையாகாது. செய்தி கொண்டுவருபவரை விசாரித்து அறியுமாறு ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயத்தின் 6ஆம் வசனம் இடும் கட்டளைக்கு, நமக்கு இனிக்கும் செய்திகள் விதிவிலக்கல்ல.

இரண்டாவது இன்னும் நெருக்கமானது. இப்னுல் மதீனியின் மரபைப் பெருமையோடு கற்பிக்கும் மதரஸாக்களிலும், நம் சமூகம் நடத்தும் கல்லூரிகளிலும், ஆசிரியரின் கூற்றில் பிழை கண்ட மாணவர் அதைச் சொல்ல என்ன வழி வைத்திருக்கிறோம்? அதபு என்னும் சொல்லால் நாம் பெரும்பாலும் மௌனத்தையே குறிக்கிறோம். ஆசிரியர்பால் மரியாதை காத்தலும், அவர் சொன்னதை ஒப்பிட்டுச் சோதித்தலும் ஒன்றையொன்று அழிப்பவை அல்ல என்பதற்கு ஹம்மாதின் பதினெட்டு மாணவர்களைத் தேடி அலைந்த இப்னு மயீனே சான்று. அவர் ஹம்மாதை இகழவில்லை. அவருடைய அறிவிப்புகளைப் பிறர் பிழைகளிலிருந்து காத்தார். ஆசிரியரைச் சோதிக்க அனுமதிக்கும் கல்வி, ஆசிரியருக்கே அரணாக அமைகிறது.

ஹார்வர்டு, டில்பர்க் நிகழ்ச்சிகளையும் 2015ஆம் ஆண்டின் மறு ஆய்வையும் அடுத்து, பல ஆய்விதழ்கள் தரவுகளைப் பொதுவில் வைக்குமாறும், எந்தப் பணியை யார் செய்தார் என்று தனித்தனியே குறிக்குமாறும் கோரத் தொடங்கியுள்ளன. சோதனைக்கு முன்பே திட்டத்தைப் பதிவுசெய்யும் வழக்கமும் பரவிவருகிறது. அறிவிப்பாளர் வரிசையின் தேவையை அறிவியல் தன் வழியில் கண்டடைகிறது என்று இதனைக் கொள்ளலாம். அதைக் கண்டு, எல்லாம் எங்களிடம் முன்பே இருந்தது என்று மார்தட்டுவதில் பயனில்லை. இருந்ததை நாம் நபிமொழிகளுக்கு மட்டும் ஒதுக்கிவைத்துவிட்டு, மற்ற அறிவுகளில் கைவிட்டோம் என்பதே உண்மை.

‘மாரல் மைண்ட்ஸ்’ இன்றும் வாசிக்கத்தக்க நூல்தான். மனித மனத்தில் அறவுணர்வின் விதை இருக்கிறது என்று அது காட்டும் இடங்கள் ஃபித்ராவை நம்புவோருக்கு வியப்பளிக்கமாட்டா. ஆனால் விதை இருப்பது வேறு, அது காய்ப்பது வேறு. தவறு கூடாது என்று அறிந்திருந்த மனிதர்களே அந்த ஆய்வுக்கூடம் முழுவதும் இருந்தனர். அதன் தலைவரும் அதை அறிந்தவரே. அங்கே உண்மை நிலைநாட்டப்பட்டது, சிலர் தாம் கண்டதை எழுதிவைத்து, ஒப்பிட்டு, இழப்பை எண்ணி அஞ்சியும் அதிகாரிகளின் முன் சொன்னமையால். செவி, பார்வை, உள்ளம் ஆகிய ஒவ்வொன்றும் விசாரிக்கப்படும் என்ற இறைவசனத்தை ஓதும் நாம், நம் நிறுவனங்களில் அத்தகைய ஒருவர் எழுந்து பேசும் நாளில் அவருக்கு என்ன நேரும் என்பதை இப்போதே எண்ணிப் பார்த்தல் நலம்.